மிதித்தால் மெய்யெழுத்து

என் அண்ணிக்கு அலுவலகத்தில் மின்னல் என்று பெயர். அண்ணன் கட்டிக்கொண்டு வருவதற்கு முன்பே அந்தப் பெயரில்தான் எனக்குப் பழக்கம். நேரில் ‘நீங்க’ என்பேன். எழுத உட்கார்ந்தால் ‘அவள்’ என்றுதான் வருகிறது. கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்தால் கோபிக்கட்டும், அவளைப் பற்றி எழுத ஆரம்பித்தாயிற்று, நிறுத்தப் போவதில்லை.

படங்களுக்கு வசன வரி போடுவது எங்கள் அலுவலகத்தின் வேலை. திரையின் அடியில் எழுத்து ஓடுகிறதே, அதுதான். வேற்றுமொழிப் படம் வந்தால் தமிழில் எழுதி, பேசுகிறவர் வாயைத் திறக்கும்போது வரி தோன்றி, மூடும்போது மறையும்படி நேரம் குறிக்க வேண்டும். அண்ணி வரி போடுவாள், நான் பிழை பார்ப்பேன். மொத்தம் பன்னிரண்டு கணினிகள். ஆறு மேக், ஐந்து விண்டோஸ், மூலையில் ஒரே ஒரு லினக்ஸ். யாருக்கும் சொந்த நாற்காலி கிடையாது. எது காலியோ அதில் உட்கார வேண்டியதுதான். ஜன்னலோரத்து விண்டோஸுக்குத் தினமும் அடிதடி நடக்கும். மூலை லினக்ஸுக்கு மேலே ஏசி சொட்டும். அது எப்போதும் கடைசியாக வருகிறவர் தலையெழுத்து.

மின்னலுக்கு எந்த நாற்காலியும் ஒன்றுதான். நகலெடுக்க வேண்டுமென்றால் மேக்கில் கட்டைவிரல் கமாண்டுக்குப் போக வேண்டும், விண்டோஸில் சுண்டுவிரல் கண்ட்ரோலுக்குப் போக வேண்டும். கண்ட்ரோலோடு அம்புக்குறியை அழுத்தினால் விண்டோஸில் ஒரு சொல் தாண்டும். மேக்கில் அதையே அழுத்தினால் திரையே நகர்ந்து வேறெங்கோ போய் நிற்கும். நாற்காலி மாறிய நாளில் நாங்களெல்லாம் முதல் அரைமணி நேரம் எதையாவது மூடிவிட்டுத் திருதிருவென்று விழிப்போம். அவள் உட்காரும்போதே விரல்கள் ஊர் மாறியிருக்கும். நான் மவுஸ் கட்சி. மெனுவைத் திறந்து, பட்டியலில் இறங்கி, பொறுமையாகத் தேடி அமுக்குகிற ஜாதி. நான் ஒரு வரியை வெட்டி ஒட்டுவதற்குள் அவள் ஒரு காட்சியையே முடித்திருப்பாள். எரிச்சலாக இருக்கும்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு மழையில் அவள் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது தோளில் நரம்பு அறுந்துவிட்டது. கை இருக்கிறது, அசையாது. இனி அசையவும் அசையாது என்று மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். என் அண்ணன் பேருந்து ஓட்டுகிறவன், எவ்வளவோ விபத்தைப் பார்த்தவன், மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். அண்ணி அழவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கணினியைத் திறந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். ஒரே சொல்: “வா.”

அலறியடித்துக்கொண்டு ஓடினேன். தலையணையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணி, உயிரே போயிருச்சு எனக்கு!”

“எனக்கு இருக்கறதே உயிர் மட்டும்தான்டி. இங்க பாரு.”

நாங்கள் தட்டுகிற தமிழ் விசைப்பலகையில் உயிரெழுத்து எல்லாம் இடது கைப் பக்கம். மெய்யெழுத்துகள் வலது பக்கம். வ, ங இரண்டும்தான் பாவம், இடம் கிடைக்காமல் இடது பக்கம் வந்து ஒண்டிக்கொண்டவை. மிச்சமிருந்த ஒரு கையை வைத்த இடத்தில் வைத்தபடி அவளால் எழுத முடிந்த உருப்படியான சொல் ‘வா’, ‘வை’ மாதிரி இரண்டு மூன்றுதான். அதைச் சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். நான்தான் அழுதேன்.

எங்கள் மேலாளரைத் தாடி என்போம். அவர் கெட்டவர் இல்லை, பிரச்சினையே அதுதான். பழங்களோடு வீட்டுக்கு வந்து, “உங்களுக்காக வரவேற்பு மேசையை ஒதுக்கி வெச்சிருக்கேம்மா. போன் எடுக்கணும், வர்றவங்களை உட்கார வைக்கணும். ஒரு கை போதும்,” என்றார். அண்ணியின் முகம் சுருங்கியதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். “எனக்கு என் வேலைதான் சார் வேணும்,” என்றாள். அவர் தாடியைத் தடவினார். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். விடுப்பு முடிகிற அன்று ஐம்பது நிமிடப் படம் ஒன்று. காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மாலை ஐந்துக்குள் முடிக்க வேண்டும், எல்லாரும் முடிக்கிற மாதிரி. பிழை பத்தைத் தாண்டக் கூடாது. முடித்தால் வரி போடும் வேலை, இல்லாவிட்டால் வரவேற்பு மேசை.

முதல் வெளிச்சம் எதில் வந்தது தெரியுமா? ஷிஃப்ட் விசையை ஐந்து தடவை தொடர்ந்து அழுத்தினால் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும். உலகத்தில் அத்தனை பேரும் அதைப் பார்த்ததும் “சனியன்” என்று திட்டிவிட்டு ‘வேண்டாம்’ கொடுப்பார்கள். நானும் பதினைந்து வருஷமாகத் திட்டியிருக்கிறேன். அண்ணி அன்று அதைப் படித்தாள். விசைகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டாம், ஒன்றை அழுத்தி விட்டுவிட்டு அடுத்ததை அழுத்தினால் போதும், இரண்டும் சேர்ந்ததாக எடுத்துக்கொள்கிறேன் என்று அது கேட்கிறது. ‘ஆம்’ கொடுத்தாள். கண்ட்ரோலைத் தட்டினாள், கையை எடுத்தாள், மறுகோடிக்குப் போய் இன்னொரு விசையைத் தட்டினாள். வேலை செய்தது! அவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். அதே ஏற்பாடு மேக்கிலும் உண்டு, லினக்ஸிலும் உண்டு. யாரோ ஒற்றைக் கைக்காரருக்காக இத்தனை வருஷம் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், நாம் அதை எட்டி உதைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் அண்ணன் அதே கணினியில் உட்கார்ந்து, “விசைப்பலகைக்குப் பேய் பிடிச்சிருச்சு” என்று எனக்கு போன் செய்தது தனிக் கதை.

ஆனால் வேகம் வரவில்லை. ஒரே கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடி நாக்குத் தள்ளியது. நிமிடத்துக்கு எட்டு சொல், ஒன்பது சொல். ஒரு மத்தியானம் நான் எதையோ எழுதிக்கொண்டே, “ந எந்த விரல் அண்ணி?” என்று கேட்டேன். மவுஸ் கட்சிக்கு அதுவும் மறந்துபோகும். “வலது சுண்டு விரல்,” என்றாள். சொல்லும்போது அவளுடைய இடது சுண்டுவிரல் துடித்தது. இருவரும் அதையே பார்த்தோம்.

“இதுக்கும் தெரியுதுடி!” என்று கத்தினாள். “வலது சுண்டு விரலுக்குத் தெரிஞ்சது இதுக்கும் தெரியுது. கண்ணாடியில பார்க்கற மாதிரி திருப்பிப் போட்டா போதும்!”

அதுதான் அவள் யோசனை. விசைப்பலகையின் வலது பாதியை மடித்து இடது பாதியின் மேல் போடுவது. ஏதோ ஒரு விசையைப் பிடித்துக்கொண்டால் இடது சுண்டுவிரலின் கீழே இருக்கிற அ, ந ஆகிவிடும். இ, த ஆகும். உ, ம ஆகும். யாருக்கும் உதவாத கேப்ஸ் லாக்குக்குக்கூட ய என்று ஒரு வேலை கிடைத்தது. மெய்யெழுத்து மட்டுமல்ல, வலது கை அழுத்தி வந்த ஷார்ட்கட் எல்லாமும் அப்படியே இந்தப் பக்கம் வந்துவிடும். ஆனால் அந்த ஏதோ ஒரு விசையை யார் பிடிப்பது? விரல் மிச்சமில்லையே!

இங்கேதான் என் பங்கு வருகிறது. பெருமைக்குச் சொல்கிறேன். அலுவலகக் கிடங்கில் பழைய மிதி ஒன்று கிடந்தது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுகிறவர்கள் காலால் நிறுத்தி ஓட்டுவதற்கு வைத்திருந்தது. தாடியிடம் கேட்டுத்தான் எடுத்தேன், சத்தியமாக. அண்ணி அதை மேசைக்கடியில் வைத்து, மிதித்தால் F13 என்ற விசை அழுத்தப்பட்டதாகக் கணினி நினைக்கும்படி செய்தாள். நம் விசைப்பலகையில் F12 தான் கடைசி. இல்லாத விசையைக் காலால் அழுத்தினாள் என் அண்ணி. மிதிக்காவிட்டால் உயிரெழுத்து, மிதித்தால் மெய்யெழுத்து.

பழகுவதுதான் பெரும்பாடாக இருந்தது. கை முந்தும், கால் பிந்தும். ‘அம்மா’ என்று எழுத வேண்டும். இரண்டு ம முடிந்ததும் காலை எடுத்துவிட்டு ஆ தட்ட வேண்டும். கால் ஒரு நொடி தாமதித்தால் ஆ இருக்கும் இடத்தில் ண வந்து உட்காரும். மகன் தாயைத் தேடி ஓடிவரும் உருக்கமான காட்சி ஒன்றைப் பயிற்சிக்கு எடுத்தாள். மகன் ஆறு தடவை “அம்மண!” என்று கதறினான். பிழை பார்க்க உட்கார்ந்த நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டேன். அண்ணிக்குச் சிரிப்பும் ஆத்திரமுமாக மூக்கு சிவந்துவிட்டது.

அப்போது குளித்துவிட்டு வந்த என் அண்ணன், தலையைத் துவட்டியபடி அவள் காலையே பார்த்தான். “கிளட்ச்ல காலை வெச்சுக்கிட்டே ஓட்டறியே,” என்றான். “மிதிச்சா முழுசா மிதி. எடுத்தா முழுசா எடு. பாதி மிதில வண்டியும் ஓடாது, இதுவும் ஓடாது. குதிகாலைத் தரையில ஊனிக்க.”

கணினி என்றாலே பேய் என்று நினைக்கிறவன் சொன்னது! அன்று சாயங்காலமே நிமிடத்துக்கு இருபது சொல்லைத் தொட்டாள். இரண்டு மாதத்தில் முப்பத்தைந்து. பழைய மின்னல் இல்லைதான், ஆனால் என்னைத் தாண்டிவிட்டாள். எனக்குப் பொறாமையாக இல்லை என்று சொன்னால் பொய். சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இனி ஒரே ஒரு சிக்கல். எங்கள் கணினிகளில் வெளிவராத படங்கள் இருப்பதால் இணையம் கிடையாது, பென் டிரைவ் சொருகக் கூடாது. விசைப்பலகையோ மிதியோ சொருகலாம். போதாக்குறைக்கு, தினமும் காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு கணினியும் தன்னைத்தானே துடைத்துக்கொண்டு புதிதுபோல ஆகிவிடும். முந்தின நாள் யார் என்ன மாற்றி வைத்திருந்தாலும் போச்சு. வீட்டில் எல்லாம் அமைத்துப் பழகியாயிற்று, அங்கே கொண்டு போவது எப்படி? நான் கேட்கும்போதெல்லாம் அண்ணி, “பார்த்துக்கலாம்,” என்றாள். “சொல்லுங்களேன் அண்ணி,” என்று கெஞ்சினேன். “உன் வாய்ல ஒரு விஷயம் தங்குமா?” என்றாள். உண்மைதான், தங்காது.

சோதனை நாள் வந்தது. எட்டே முக்காலுக்கு அலுவலக வாசலில் இருந்தோம். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறேன், அவளோ படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தாள். ஒற்றைக் கையால் கட்டினாள். அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். ஒன்பது அடித்தது. எங்களைத் தாண்டி ஒவ்வொருவராக மேலே போனார்கள். “நான் கட்டறேன் அண்ணி!” என்று குனிந்தால் காலை இழுத்துக்கொள்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயந்துவிட்டாள் என்றே நினைத்தேன். எட்டு மாத உழைப்பை ஷூ நாடாவில் கட்டிவிட்டாளே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒன்பது பன்னிரண்டுக்கு எழுந்தாள். “போலாமா?” என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

உள்ளே போனால் இரண்டே நாற்காலிதான் மிச்சம், ஒரு மேக்கில் அண்ணி என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். மூலை மட்டும் காலி. ஏசி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது ஜன்னலோர விண்டோஸில் இருந்த கண்ணாடிக்காரர் எழுந்துவிட்டார். நல்ல மனிதர். “நீங்க இங்க உட்காருங்கம்மா, நான் அங்க போறேன்,” என்றார். ஒரு மேக்கிலிருந்தும் ஒரு பெண் எழுந்தாள். தாடியும், “ஆமாம்மா, இன்னைக்காவது நல்ல இடத்துல உட்காருங்க,” என்றார். எனக்கு உயிர் வந்தது. அண்ணிக்கு முகம் வெளிறியது.

“இல்ல சார். எனக்கு அந்த மூலைதான் வேணும்.”

“பிடிவாதம் பிடிக்காதீங்கம்மா...”

“சார், மத்ததுல விசையை மாத்தணும்னா தனியா ஒரு புரோகிராம் வேணும். எனக்குத் தெரிஞ்ச வழி அதுதான். அதை உள்ள கொண்டு வர முடியாது. அந்த மூலை லினக்ஸ்ல மட்டும் ஒரு எழுத்துக் கோப்பைத் தட்டினா போதும். முப்பத்திரண்டு வரி. எனக்கு மனப்பாடம்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஷூ நாடா! இவள் வேண்டுமென்றே கடைசியாக வந்திருக்கிறாள். கேட்டு வாங்கினால் சலுகை ஆகிவிடும், கடைசியாக வந்தால் தானாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். எல்லாருடைய இரக்கமும் சேர்ந்து அதைக் கெடுக்கப் பார்த்தது. திட்டின வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மூலையில் உட்கார்ந்தாள். மிதியைச் சொருகினேன். அதற்குமேல் யாரும் உதவக் கூடாது. ஷிஃப்டை ஐந்து தடவை தட்டி அந்த ஏற்பாட்டை இயக்கிவிட்டு, ஒற்றைக் கையால், மிதியின் துணைகூட இன்னும் இல்லாமல், கோப்பைத் தட்ட ஆரம்பித்தாள். கை ஓடியது, திரும்பியது, ஓடியது. ஒன்பதரை. பத்து. தாடி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, “படத்தையே இன்னும் தொறக்கலையே,” என்று என்னிடம் முணுமுணுத்தார். நான் என் திரையில் ஒரே வரியை இருபது நிமிடமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

பத்தே காலுக்கு முப்பத்திரண்டாவது வரியை முடித்து, இயக்கிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மிதித்தாள். அ, அ ஆகவே இருந்தது. மறுபடி மிதித்தாள். அ. அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே இறங்கினாள். பத்தொன்பதில் விரல் நின்றது. ஒவ்வொரு வரி முடிவிலும் ஓர் அரைப்புள்ளி வேண்டும், அங்கே விட்டுப்போயிருந்தது. அந்த அரைப்புள்ளியும் வலது சுண்டுவிரலின் விசைதான். எட்டிப் போய் அதைத் தட்டினாள். இயக்கினாள். குதிகாலை ஊன்றி முழுசாக மிதித்தாள்.

ந!

பன்னிரண்டு பேர் இருக்கிற அறையில் நான் மட்டும் கைதட்டிவிட்டு உட்கார்ந்தேன். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை, படத்தைத் திறந்துவிட்டாள். கடல் ஆமைகளைப் பற்றிய படம். அப்புறம் அந்த மூலையிலிருந்து ஒரு தாளம் கேட்க ஆரம்பித்தது. டக்டக், மிதி, டக், மிதி, டக்டக்டக். பதினோரு மணிக்கு மற்ற பத்து பேரும் அவரவர் வேலையை விட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மதியம் சாப்பிட எழவில்லை. தோளில் ஏசி சொட்டியது, துடைக்கவும் இல்லை. மூன்று மணிக்கு ஆமை முட்டையிட்டது. நாலரைக்குக் குஞ்சுகள் கடலை நோக்கி ஓடின. நானும் அவற்றோடு ஓடிக்கொண்டிருந்தேன். நாலு ஐம்பத்தாறுக்குக் கடைசி வரி. கோப்பைச் சேமித்துவிட்டு மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

பிழை பார்க்க என்னை விடவில்லை, நியாயம்தான். தாடியே உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார். நாலு பிழை. ஒன்றில் மட்டும் ‘அம்மா ஆமை’ வழுக்கி ‘அம்மண ஆமை’ ஆகிவிட்டது. தாடி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, ஒரு நொடி விழித்து, தாடி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மின்னல், இனிமே அந்த மூலை மெஷினைக் காலையில துடைக்க வேண்டாம்னு சொல்லிடறேன். அது உங்க இடம். வேற யாரும் உட்கார மாட்டாங்க.”

எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு நாற்காலி சொந்தமானது அதுவே முதல் தடவை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணி எழுந்து நின்றாள்.

“வேண்டாம் சார். எனக்குன்னு தனி நாற்காலி வேண்டாம். அந்தப் புரோகிராமை நீங்களே மத்த மெஷின்லயும் போட்டுடுங்க, காலையில துடைச்சாலும் போகாத மாதிரி. மிதி சொருகலேன்னா யாருக்கும் எந்தத் தொந்தரவும் இருக்காது. எது காலியோ அதுல நான் உட்காருவேன்.”

தாடி போனைக் கையில் எடுத்தார். “நாளைக்கே ஆளை வரச் சொல்றேன்,” என்றார்.

இரண்டு நாளில் பதினோரு கணினியிலும் அந்தப் புரோகிராம் ஏறியது, மூலையில் அவளுடைய முப்பத்திரண்டு வரி நிலைத்தது. திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு இருவரும் வாசலுக்கு வந்தோம். நான் பையிலிருந்து அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அண்ணியைக் காணோம். மிதியை இடுக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டிருந்தாள். நான் மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்ந்தபோது ஜன்னலோர விண்டோஸில் அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கண்ணாடிக்காரர் பக்கத்து நாற்காலியில் ஏமாந்து உட்கார்ந்திருந்தார், எனக்கு மூலைதான் மிச்சமிருந்தது. முதல் சொட்டு தலையில் விழுந்ததும் திரையில், அலுவலகத்துக்குள்ளேயே ஓடும் செய்திப் பெட்டியில், ஒரு செய்தி வந்தது. இந்தத் தடவை ஒற்றைச் சொல் இல்லை, மெய்யெழுத்து ஒன்றுகூடக் குறையவில்லை.

“நாத்தனாரே, ஏன் இவ்வளவு லேட்டு? ஷூ நாடா அவிழ்ந்துடுச்சா?”